மருந்தாளுநர் பதிவுத் தேர்வில் நியாயம்: கேள்வி பதில்

டி.பார்ம் (மருந்தியல் பட்டயப் படிப்பு) முடித்தவர்கள் மருந்தாளுநராகப் பதிவு செய்வதற்கு முன் எழுத வேண்டிய எக்ஸிட் தேர்வை பார்மசி கவுன்சிலின் 2022 விதிகள் கொண்டுவந்தன. முதல் தேர்வு 2024 அக்டோபரில் நடந்தது. மூன்று தாள்கள், ஒவ்வொன்றிலும் 50 சதவீதம், ஆங்கிலத்தில் மட்டும். இத்தகைய தேர்வுகளை உருவாக்குவது பற்றி வந்த கேள்விகளும், வினாத்தாள் வடிவமைப்பாளர் ஒருவரின் பதில்களும்.

வினா வங்கிக்குக் கேள்வி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே தொடங்குவது? (விரிவுரையாளர், நாமக்கல்)

பாடநூலை மூடிவைத்துவிட்டுத் தொடங்குங்கள். பதிவு பெற்றவர் முதல் ஆண்டில் கவுன்டரில் என்னென்ன செய்கிறார், எதில் தவறினால் நோயாளிக்குக் கேடு என்று பட்டியல் போடுங்கள். எந்தப் பகுதிக்கு எத்தனை கேள்வி என்பதை அதுதான் முடிவு செய்யும்.

ஒரு கேள்வியைப் பிரித்துப் பார்ப்போம். குழந்தை 12 கிலோ. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி, கையில் இருப்பது 5 மி.லி.யில் 250 மி.கி உள்ள சிரப். ஒரு வேளைக்கு எத்தனை மி.லி? 180 மி.கி வேண்டும், ஆகவே 3.6. தவறான விடைகளை வாய்க்கு வந்தபடி போடக்கூடாது. 7.2 என்பவர் 125 மி.கி சிரப் என்று நினைத்துவிட்டார். 36 என்பவர் புள்ளியை நகர்த்திவிட்டார். 0.72 என்பவர் 180ஐ 250ஆல் வகுத்ததோடு நின்றுவிட்டார். மூன்றுமே கடையில் நடக்கக்கூடிய பிழைகள். 'மேற்கண்ட அனைத்தும்', 'எது சரியல்ல' இரண்டையும் ஒதுக்குங்கள். சரியான விடை மட்டும் நீளமாக இருந்தால், பாடம் தெரியாதவரும் அதைத்தான் தொடுவார்.

எந்த கைடு படித்தால் பாஸ் ஆகலாம்?

இது தேர்வு எழுதுவோருக்கான பகுதி அல்ல.

எல்லாருக்கும் ஒரே 50 சதவீதம்தானே, அதில் என்ன அநியாயம்? (மருந்துக்கடை உரிமையாளர், சேலம்)

தாள் ஒன்று போல இருந்தால் சரி. இந்த முறை தாள் கடினமாகிவிட்டால், போன முறை தேறியிருக்கக்கூடியவர் இந்த முறை விழுவார். கோடு நகரவில்லை, தரை இறங்கிவிட்டது.

இதற்கு ஆங்கோஃப் முறை இருக்கிறது. பத்துப் பேர் உட்காருவார்கள். கவுன்டரில் வேலை பார்ப்பவர்கள் பாதிக்கு மேல் இருக்கட்டும். 'மயிரிழையில் தேறக்கூடிய 100 பேரில் எத்தனை பேர் இந்தக் கேள்விக்குச் சரியாக விடை சொல்வார்கள்?' என்று ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாக எழுதுவார்கள். பிறகு பழைய தேர்வின் புள்ளிவிவரத்தைக் காட்டி இரண்டாம் சுற்று. எல்லாக் கேள்விகளின் சராசரியே தேர்ச்சிக் கோடு. பேராசிரியர்கள் மட்டும் உட்கார்ந்தால் தங்கள் முதல் மாணவனை நினைத்து 85, 90 என்று போடுவார்கள். கோடு மேலே போய்விடும். நான்கு விடைக் கேள்விக்கு 15 என்று போடுகிறவரும் உண்டு. கண்ணை மூடித் தொட்டாலே 25 வருமே!

விதி 50 என்று கட்டிப்போட்டாலும் வழி இருக்கிறது. ஆங்கோஃப் சராசரி 50ஐ ஒட்டி வருகிற மாதிரி ஒவ்வொரு தாளுக்கும் கேள்விகளைப் பொறுக்குங்கள். பாடநூலை வைத்து எழுதிய கேள்விகளில் இது கைகூடாது; பத்துப் பேரும் பத்து விதமாக மதிப்பிடுவார்கள்.

தமிழில் ஏன் தேர்வு இல்லை? தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் மொழியில் தோற்கிறார்கள். (மாணவி, திருவாரூர்)

மருந்துச் சீட்டும் லேபிளும் ஆங்கிலத்தில்தானே? அதைப் படிக்கத் தெரியாதவரை எப்படி நம்புவது? (மருத்துவமனை மருந்தாளுநர், கோவை)

நோயாளியிடம் ஆங்கிலத்திலா சொல்கிறீர்கள், 'வெறும் வயிற்றில் போடுங்கள்' என்று? (மாணவி, திருவாரூர்)

இருவரும் பாதி சரி. எதை அளக்கிறோம் என்று பிரியுங்கள். மருந்தின் பெயர், அளவு, லேபிள் வாசகம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் படிப்பது வேலையின் பகுதி. அது அப்படியே இருக்க வேண்டும். நாலு வரி ஆங்கில வாக்கியச் சிக்கலை அவிழ்ப்பது வேலையின் பகுதி அல்ல. அதற்கு மதிப்பெண் போகிறதென்றால் தேர்வு வேறு எதையோ அளக்கிறது.

மருந்துப் பெயரை ஆங்கிலத்திலேயே விட்டு, கேள்வியை இரு மொழியிலும் அருகருகே அச்சிடலாம். மொழிபெயர்த்ததை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் மறுபடி ஆங்கிலமாக்க வேண்டும். அங்கேதான் குட்டு உடையும். '12 மணி நேரத்துக்கு ஒரு முறை' என்பது 'இரு வேளை' ஆகியிருக்கும். காலை எட்டுக்கும் மதியம் இரண்டுக்கும் போட்டாலும் இரு வேளைதானே?

அப்படியானால் தமிழ்த் தாள் எளிதாகிவிடும்! (மருத்துவமனை மருந்தாளுநர், கோவை)

ஆகிறதா என்று பார்க்க மேன்டல்-ஹென்சல் சோதனை இருக்கிறது. மொத்த மதிப்பெண் சமமாக உள்ள இரு பிரிவினரை எடுத்துக்கொண்டு, ஒரு குறிப்பிட்ட கேள்வியில் மட்டும் ஒரு பிரிவு சறுக்குகிறதா என்று கேட்கும். சறுக்கினால் கேள்வி தானாகக் குற்றவாளி ஆகிவிடாது. ஆள் உட்கார்ந்து காரணம் தேட வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் சில நூறு பேராவது இல்லாமல் இதைப் போட்டால் வருவது வெறும் இரைச்சல்.

எந்தப் புத்தகத்திலிருந்து அதிகம் கேட்பார்கள்?

மேலே பதில் இருக்கிறது.

நேரம் எவ்வளவு தரலாம்?

பிரிட்டனின் பதிவுத் தேர்வில் கணக்குப் பகுதிக்கு 40 கேள்வி, 120 நிமிடம். மற்ற பகுதிக்கு 120 கேள்வி, 150 நிமிடம். கணக்குக்கு மூன்று நிமிடம், மற்றதற்கு ஒன்றேகால். இரண்டையும் ஒரே தாளில் கலந்து சராசரி நேரம் கொடுத்தால் கடைசிக் கேள்விகள் காலியாகக் கிடக்கும். அப்போது அளப்பது வேகத்தை.

தேர்வு முடிந்த பிறகு விடை தவறு என்று தெரிந்தால்? (விரிவுரையாளர், நாமக்கல்)

முடிவு வெளியிடுவதற்கு முன்பே தெரிந்துவிடும், பார்த்தால். நன்றாக எழுதியவர்கள் ஒரு கேள்வியில் தவறி, மற்றவர்கள் சரியாகப் போட்டிருந்தால், முதலில் விடைக் குறிப்பைச் சந்தேகப்படுங்கள். குறிப்புத்தான் தவறு என்றால் திருத்தி மறுபடி மதிப்பிடுங்கள். கேள்வியே பழுது என்றால் நீக்கிவிட்டுக் கோட்டையும் மறுபடி கணக்கிடுங்கள். எல்லாருக்கும் ஒரு மதிப்பெண் தானம் செய்தால், நிலையான கோட்டுக்குக் கீழே இருந்தவர் அறிவு கூடாமலே மேலே வந்துவிடுவார். பாடநூலைப் பார்த்து எழுதிய கேள்விகளில் இது அடிக்கடி நடக்கும், பதிப்பு மாறினால் விடையும் மாறுகிறது.

இலங்கையில் பதிவு பெற என்ன தேர்வு?

இலங்கை மருத்துவ சபையிடம் கேளுங்கள்.

போன வருடக் கேள்வித்தாள் கிடைக்குமா?

இல்லை. மறுபடி பயன்படப்போகிற கேள்விகள் அதில் இருந்தால், இரு ஆண்டுத் தாள்களையும் ஒப்பிட உதவும் ஒரே இழை அவைதான். வெளியே வந்தால் அறுந்துவிடும்.