அந்த அம்மாவைப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

நீங்கள் புகழ்ந்து எழுதியிருந்ததால் ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’ பார்க்க உட்கார்ந்தேன். அதற்கு முதல் நாளே நண்பர் ஒருவர் முடிவைப் போட்டு உடைத்துவிட்டார். மனம் ஒட்டவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன். கடைசித் திருப்பத்தை எடுத்துவிட்டால் அந்தப் பேய்ப் படத்தில் என்னதான் மிச்சம்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

நண்பர் செய்தது அநியாயம். இன்னும் பார்க்காதவர்கள் இருப்பார்கள் என்பதால் அந்த முடிவை நான் இங்கே சொல்லவில்லை. ஆனால் என்ன மிச்சம் என்று கேட்டீர்களே, ஒரு அம்மாவும் மகனும் மிச்சம். எனக்கு அவர்கள்தான் படமே.

1999ல் ஷியாமளனின் இந்தப் படம் வந்தபோது எல்லோரும் திருப்பத்தைப் பற்றியே பேசினார்கள். இரண்டாம் முறை பார்த்தபோது நானும் தடயங்களைத்தான் தேடினேன். அதற்கடுத்த முறைதான் லின் என்கிற அந்த அம்மா கண்ணில் பட்டாள். பிலடெல்பியாவில் தனியாக மகனை வளர்ப்பவள்.

தொடக்கத்தில் ஒரு சமையலறைக் காட்சி வரும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்குக் கிளம்பும் நேரம். மகன் கோலின் டையில் கறை. வேறு டை எடுக்க அம்மா பக்கத்து அறைக்குப் போகிறாள். கேமராவும் அவளோடு போய் அவளோடு திரும்புகிறது. சில நொடிகள்தான். அதற்குள் அலமாரிக் கதவுகள், இழுப்பறைகள் எல்லாம் திறந்து கிடக்கின்றன. பையன் மேஜையில் உள்ளங்கைகளை ஊன்றியபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். எதையாவது தேடினாயா என்று கேட்கிறாள். தின்பதற்கு ஏதோ தேடியதாகச் சொல்லிச் சமாளிக்கிறான். பிறகு மேஜையைக் காட்டுகிறார்கள். வியர்வையில் பதிந்த இரண்டு சின்னக் கைத்தடங்கள், மெல்ல உலர்ந்து மறைகின்றன. பேய் என்று எதுவுமே திரையில் இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இத்தனை பயத்தை அந்தக் குழந்தை அம்மாவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருக்கிறது.

அப்புறம் அந்தப் பதக்கம். இறந்துபோன பாட்டியுடையது, தேனீ வடிவில் இருக்கும். வைத்த இடத்தில் இல்லாமல் மகனின் இழுப்பறையில் கிடக்கிறது. சாப்பாட்டு மேஜையில் அம்மா கேட்கிறாள், நான் எடுக்கவில்லை என்கிறான். அது உண்மை. ஆனால் எந்த அம்மா நம்புவாள்? மேஜையை விட்டு எழுந்து போகச் சொல்கிறாள். அவள்மீது எனக்குக் கோபமே வரவில்லை. இரண்டு வேலை பார்த்துக் களைத்துப் போனவள், மகனுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் தவிக்கிறாள். அன்றிரவே அவன் நடுங்கிக்கொண்டு வந்து, கோபம் இல்லையென்றால் உன்னோடு படுத்துக்கொள்ளட்டுமா என்கிறான். கட்டிக்கொள்கிறாள்.

கோலாக நடித்த ஹேலி ஜோயல் ஆஸ்மென்டுக்குப் படம் வந்தபோது வயது 11. அவனுக்கும் அம்மாவாக நடித்த டோனி காலெட்டுக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. எனக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

கடைசிப் பகுதியில், போக்குவரத்து நின்றுபோன சாலையில், காருக்குள் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். மகன் தன் ரகசியத்தை அம்மாவிடம் சொல்கிறான். பதக்கத்தை எடுத்தது யார் என்பதும் அப்போதுதான் தெரிகிறது. அம்மா பாட்டியின் கல்லறையில் தனியாகக் கேட்ட ஒரு கேள்விக்குப் பாட்டியின் பதிலையும் சொல்கிறான். ஒரே சொல், “தினமும்”. சொல்லிவிட்டு, என்ன கேட்டாய் அம்மா என்கிறான்.

அவள் கேட்டது என்ன என்பதை நான் எழுதமாட்டேன். நண்பர் உங்களிடம் சொன்ன முடிவில் அது நிச்சயம் இருந்திருக்காது. விட்ட இடத்திலிருந்து பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.