ஸ்டாண்ட்பையில் ஓடும் ரிப்போர்ட் ஏன் பாதியில் அறுபடுகிறது?

வாசகர் கேள்வி - பதில்

இந்த மாதம் குமரி மாவட்டத்திலிருந்து வந்த நான்கு கேள்விகள், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ஸ்டாண்ட்பை சர்வரை, அதாவது எழுத்து நடக்கும் பிரைமரி சர்வரின் நகலாக ஓடி, படிக்க மட்டும் பயன்படும் சர்வரைப் பற்றியே இருந்தன. ஒன்றுக்கான பதில் இன்னொன்றுக்கும் உதவும் என்பதால் சேர்த்தே தருகிறோம்.

கேள்வி (குலசேகரம்): ரப்பர் ஷீட், ஒட்டுப்பால் கொள்முதல் கணக்கை போஸ்ட்கிரெஸ் 15-ல் வைத்திருக்கிறோம். பிரைமரி இங்கே, ஸ்டாண்ட்பை நாகர்கோவில் ஆபீஸில். மாதக் கடைசி ரிப்போர்ட்டை ஸ்டாண்ட்பையில் ஓட்டினால் சில நாள் முடிகிறது. சில நாள் ‘கேன்சலிங் ஸ்டேட்மென்ட் டியூ டு கான்ஃப்ளிக்ட் வித் ரெகவரி’ என்று நின்றுவிடுகிறது. 30 விநாடி அவகாசம் உண்டு என்கிறார்கள். எங்களுக்கு ஐந்தே விநாடியில்கூட அறுந்திருக்கிறதே, எப்படி?

பதில்: அந்த 30 விநாடி உங்கள் ரிப்போர்ட்டுக்குக் கொடுத்த அவகாசம் இல்லை. ‘மேக்ஸ்_ஸ்டாண்ட்பை_ஸ்ட்ரீமிங்_டிலே’ என்ற செட்டிங், பிரைமரியிலிருந்து வால் பதிவு (WAL, ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதிவைக்கும் பதிவு) வந்து சேர்ந்த பிறகு அதை ரீப்ளே செய்யாமல் (அதே மாற்றத்தை இங்கேயும் செய்யாமல்) எவ்வளவு நேரம் தள்ளிப்போடலாம் என்று சொல்கிறது. கெடு ரீப்ளேக்குத்தான். உங்களுக்கு முன்னால் யாரோ ஓட்டிய குவெரி 25 விநாடியைத் தின்றிருந்தால், உங்கள் பங்குக்கு மிச்சம் 5. ரீப்ளே பிரைமரியை எட்டிப் பிடித்த பிறகுதான் மறுபடி முழு 30 கிடைக்கும்.

கெடுவைக் கூட்டுவதற்கு முன் ஒரு வேலை. அந்த எர்ரருக்கு அடியிலேயே ‘டீட்டெயில்’ என்று இன்னொரு வரி வரும். பலரும் மேல் வரியை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறார்கள். மருந்து எது என்பது கீழ் வரியில்தான் இருக்கிறது.

அதில் ‘ரோ வெர்ஷன்ஸ்’ என்று இருந்தால், உங்கள் ரிப்போர்ட் பார்க்க வேண்டிய பழைய வரிகளை பிரைமரியில் வேக்யூம் (பயன்படாத பழைய வரிகளைச் சுத்தம் செய்யும் வேலை) துடைத்துவிட்டது, அந்தத் துடைப்பு இங்கேயும் வந்துவிட்டது என்று அர்த்தம். இதற்கு ஸ்டாண்ட்பையில் ‘ஹாட்_ஸ்டாண்ட்பை_ஃபீட்பேக்’கை ஆன் செய்து ரீலோட் கொடுத்தால் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். ‘இந்த வரிகளை இங்கே ஒருவர் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்’ என்று ஸ்டாண்ட்பை பிரைமரிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். விலை என்னவென்றால், இங்கே ஒருவர் பிகின் போட்டு டிரான்சாக்ஷனைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போனால் அங்கே பிரைமரியில் செத்த வரிகள் குவியும். ரெப்ளிகேஷன் ஸ்லாட் (ஸ்டாண்ட்பை எதுவரை வாங்கியது என்று பிரைமரி வைத்திருக்கும் குறிப்பு) வைத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். மழையில் லைன் அறுந்து ஸ்டாண்ட்பை பேசாமல் போனாலும், ஸ்லாட் கடைசியாகச் சொன்னதையே பிரைமரி பிடித்துக்கொண்டிருக்கும். வால் ஃபைல்களும் சேர்ந்துகொண்டே போகும். 13-ம் பதிப்பிலிருந்து இருக்கும் ‘மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ்’ஸில் டிஸ்க்குக்கு ஏற்ற வரம்பு ஒன்றைப் போட்டுவையுங்கள்.

‘ரிலேஷன் லாக்’ என்று இருந்தால் ஃபீட்பேக் ஒன்றுக்கும் உதவாது. பிரைமரியில் யாரோ டேபிளை முழுசாகப் பூட்டியிருக்கிறார்கள்: ஆல்டர் டேபிள், ட்ரங்கேட், வேக்யூம் ஃபுல் போன்றவை. ‘அப்படி யாரும் எதுவும் செய்யவில்லையே’ என்பீர்கள். கொள்முதல் சீட்டுகளை ஒரு இடைத்தங்கல் டேபிளில் ஏற்றி, இரவில் மெயின் டேபிளுக்கு மாற்றி, இடைத்தங்கலில் இருந்ததை டெலீட் செய்கிறீர்களா? அப்படியானால் தானாக ஓடும் ஆட்டோவேக்யூமே குற்றவாளியாக இருக்கலாம். டேபிளின் கடைசியில் 1000 பக்கங்களோ, மொத்தத்தில் 16-ல் ஒரு பங்கோ காலியாகக் கிடந்தால், அதை வெட்டி டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கும். அந்த வெட்டுக்குக் கொஞ்ச நேரம் முழுப் பூட்டு வேண்டும். அந்தப் பூட்டும் வாலில் ஏறி ஸ்டாண்ட்பைக்கு வரும். அந்த ஒரு டேபிளுக்கு மட்டும் பிரைமரியில் ‘ஆல்டர் டேபிள் … செட் (வேக்யூம்_ட்ரங்கேட் = ஃபால்ஸ்)’ கொடுங்கள். 12-ம் பதிப்பு முதல் இது உண்டு. தினமும் நிரம்பிக் காலியாகும் டேபிளுக்கு டிஸ்க் திரும்பக் கிடைக்காததால் நஷ்டம் எதுவும் இல்லை.

கேள்வி (நாகர்கோவில்): ஸ்டாண்ட்பையில் எழுதவே முடியாது, படிக்க மட்டும்தான். அப்புறம் அங்கே டெட்லாக் (இருவர் ஒருவருக்காக ஒருவர் காத்து நின்றுவிடுவது) எங்கிருந்து வருகிறது? எங்களிடம் இருப்பது 12.4. ரிப்போர்ட் அறுபடக் கூடாது என்று டிலேயை -1 (எவ்வளவு நேரமானாலும் காத்திரு) என்று வைத்திருந்தோம். ஒரு நாள் இரவு ரீப்ளேயும் ஒரு குவெரியும் விடியும்வரை அப்படியே நின்றன.

பதில்: படிப்பவரும் டேபிள் மேல் ஒரு சின்னப் பூட்டு போட்டுத்தான் படிக்கிறார். டிரான்சாக்ஷன் முடியும்வரை அது இறங்காது. ரீப்ளேயோ, பிரைமரியில் போட்ட முழுப் பூட்டுகளை அதே வரிசையில் இங்கேயும் போட்டுக்கொண்டு வருகிறது. இரண்டு பக்கமும் பூட்டு இருந்தால் டெட்லாக்குக்கு வேறென்ன வேண்டும்?

‘விலை’, ‘இருப்பு’ என்று இரண்டு டேபிள். ஸ்டாண்ட்பையில் ஒருவர் பிகின் போட்டு விலையைப் படிக்கிறார். விலை மேல் அவர் பூட்டு நிற்கிறது. பிரைமரியில் ஒரு டிரான்சாக்ஷன் இருப்பை முழுசாகப் பூட்டுகிறது. ரீப்ளே இங்கேயும் அதைப் பூட்டுகிறது. நம் ஆள் அடுத்ததாக இருப்பைப் படிக்கப் போய்க் காத்து நிற்கிறார். 1 விநாடி ஆனதும் (டெட்லாக்_டைம்அவுட்டின் டிஃபால்ட் அது) அவருடைய பிராசஸ் சுற்றிப் பார்க்கிறது. ரீப்ளே இன்னும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, வளையம் இல்லை. சரி என்று தூங்கிவிடுகிறது. மறுபடி எழுந்து பார்க்காது.

இரண்டு நிமிஷம் கழித்து பிரைமரியின் அதே டிரான்சாக்ஷனில் விலை மேல் ஆல்டர் டேபிள். ரீப்ளேக்கு இப்போது விலை வேண்டும். அது நம் ஆளிடம். வளையம் மூடிவிட்டது. அவர் ஏற்கெனவே பார்த்து முடித்தாயிற்று. ரீப்ளே பக்கமோ, இப்படி மாட்டினால் என்ன செய்வது என்று பழைய பதிப்புகளில் கோடே இல்லை. டிலே 30 விநாடியாக இருந்தால் கெடு முடிந்ததும் குவெரி கொல்லப்பட்டு வழி திறந்திருக்கும். நீங்கள் -1 வைத்ததால் அந்தக் கதவும் அடைபட்டது.

இது போஸ்ட்கிரெஸ் பக்கத்துத் தவறு; 2021 பிப்ரவரியில் வந்த 13.2, 12.6, 11.11, 10.16, 9.6.21 பதிப்புகளில் சரிசெய்யப்பட்டது. இப்போது ரீப்ளே 1 விநாடி காத்துவிட்டு, குறுக்கே பூட்டு வைத்திருக்கும் எல்லோரையும் ‘நீங்கள் வளையத்தில் இருக்கிறீர்களா, பாருங்கள்’ என்று எழுப்புகிறது. மாட்டியிருப்பவர் தன் குவெரியைத் தானே ரத்து செய்துகொள்கிறார். ரீப்ளே ஒருபோதும் விட்டுக்கொடுக்காது. தோற்பது எப்போதும் குவெரிதான். 12 வரிசைக்கு இப்போது ஆதரவும் இல்லை. 12.6-க்கு ஏறுவது முதலுதவி மட்டும்தான், புதிய மேஜர் பதிப்புக்கு மாறத் திட்டமிடுங்கள்.

இப்படி நின்றுவிட்டால் ஸ்டாண்ட்பையில் ‘பிஜி_லாக்ஸ்’ பாருங்கள். ‘கிராண்டட்’ ஃபால்ஸ் என்று இருக்கும் வரிகளில் எந்த டேபிளுக்காகக் காத்திருப்பு என்று தெரியும். அந்த டேபிளைப் பிடித்திருக்கும் செஷனை ‘பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட்’ கொண்டு வெளியேற்றுங்கள். அவசரத்தில், ரீப்ளே செய்யும் ஸ்டார்ட்அப் பிராசஸை கில் செய்யாதீர்கள், ஸ்டாண்ட்பை முழுவதும் விழுந்துவிடும்.

இன்னொரு வகையும் உண்டு. கர்சரை (முடிவைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும் வழி) திறந்து பாதியில் விட்டால் டேபிளின் ஒரு பக்கம் பஃபரில் (நினைவகத்தில்) பின் ஆகி, அதாவது பிடித்துவைக்கப்பட்டுக் கிடக்கும். அந்தப் பக்கத்தைச் சுத்தம் செய்ய ரீப்ளே காத்து நிற்கும்போது, கர்சர் வைத்திருப்பவர் ரீப்ளே பூட்டிய டேபிளைக் கேட்டால் மாட்டிக்கொள்வார். டீட்டெயிலில் ‘பஃபர் டெட்லாக்’ என்று வரும்.

தடுக்க வேண்டிய இடம் பிரைமரி. ஒரே டிரான்சாக்ஷனில் ஐந்து டேபிளை ஆல்டர் செய்யும் மைக்ரேஷன் ஸ்கிரிப்ட்டை ஐந்தாகப் பிரியுங்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைக் கேட்கும் நிலை வராது. ஸ்டாண்ட்பை ரிப்போர்ட் யூசருக்கு ‘ஐடில்_இன்_டிரான்சாக்ஷன்_செஷன்_டைம்அவுட்’ 60 விநாடி வையுங்கள். எத்தனை முறை நடந்தது என்று ஸ்டாண்ட்பையின் ‘பிஜி_ஸ்டாட்_டேட்டாபேஸ்_கான்ஃப்ளிக்ட்ஸ்’ வகைவகையாக எண்ணி வைத்திருக்கும். 14-ம் பதிப்பு முதல் இருக்கும் ‘லாக்_ரெகவரி_கான்ஃப்ளிக்ட்_வெயிட்ஸ்’ ஆன் செய்தால், ரீப்ளே யாருக்காகக் காத்திருந்தது என்பதும் லாக் ஃபைலில் வரும்.

கேள்வி (தோவாளை): பூ மார்க்கெட் பில்லிங் அப்ளிகேஷன். ஸ்டாண்ட்பையில் குவெரி இப்படி அறுபடும் எர்ரர் வந்தால் கோடில் என்ன செய்வது?

பதில்: எர்ரர் கோட் 40001 அல்லது 40பி01 என்றால் டிரான்சாக்ஷனை முதலிலிருந்து ஓட்டுங்கள், இரண்டு மூன்று முயற்சி, நடுவே சற்று இடைவெளி. டிரான்சாக்ஷனைத் திறந்துவைத்துச் சும்மா இருந்த செஷனாக இருந்தால் குவெரி ரத்தாவதோடு நிற்காது, கனெக்ஷனே அறுபடும். கனெக்ஷன் பூலிலிருந்து (திறந்தே வைத்திருக்கும் கனெக்ஷன்களின் தொகுப்பு) எடுக்கும் கனெக்ஷன் உயிரோடு இருக்கிறதா என்று சோதித்துப் பயன்படுத்துங்கள்.

கேள்வி (குளச்சல்): மீன் ஏலக் கணக்கின் பிஜி_டம்ப்பை (டேட்டாபேஸின் பேக்கப் நகல்) இரவில் ஸ்டாண்ட்பையில் எடுக்கிறோம். மூன்று மணி நேரம் ஆகும். பாதி நாள் கேன்சல். ரீப்ளேயை நிறுத்திவைத்து எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் வரிசை முக்கியம். ரீப்ளேயை இடைநிறுத்தும் ‘பிஜி_வால்_ரீப்ளே_பாஸ்’ ஒரு வேண்டுகோள்தான். உடனே நிற்கும் என்று உத்தரவாதம் இல்லை. ‘பிஜி_கெட்_வால்_ரீப்ளே_பாஸ்_ஸ்டேட்’ (14 முதல்) ‘பாஸ்டு’ என்று சொல்லும்வரை பொறுங்கள். பிறகு பிஜி_லாக்ஸில் ‘ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ்’ பூட்டு ஏதாவது மிச்சம் இருக்கிறதா பாருங்கள். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே ரீப்ளே உறங்கிப்போயிருந்தால், டம்ப் அதன் வாசலில் காத்து நிற்கும். நீங்கள் ரீப்ளேயைத் தொடங்கும்வரை நகராது. அப்படி இருந்தால் ரெஸ்யூம் கொடுத்து, சில விநாடி விட்டு, மறுபடி பாஸ். டம்ப்புக்கும் ‘லாக்-வெயிட்-டைம்அவுட்’ 60000 மில்லிவிநாடி கொடுத்துவிடுங்கள்.

டம்ப் தோற்றாலும் ரெஸ்யூம் ஓடியே ஆக வேண்டும். ஸ்கிரிப்ட்டில் ‘ட்ராப்’ (trap, ஸ்கிரிப்ட் எப்படி முடிந்தாலும் ஓடும் பகுதி) போட்டு அதற்குள் வையுங்கள். ரீப்ளே நின்றாலும் வால் வரத்து நிற்காது. ஒரு ஃபைல் 16 எம்பி. மணிக்கு 200 ஃபைல் வந்தால் மூன்று மணி நேரத்தில் 9.6 ஜிபி ஸ்டாண்ட்பை டிஸ்க்கில் சேரும். அந்த நேரத்தில் பிரைமரி விழுந்து ஸ்டாண்ட்பையை ப்ரொமோட் செய்ய (அதையே பிரைமரியாக்க) நேர்ந்தால், சேர்ந்தது அத்தனையையும் ரீப்ளே செய்த பிறகுதான் அது எழும். விடிகாலை ஏலம் தொடங்கும் நேரத்தில் அந்தத் தாமதம் தாங்காது என்றால், டம்ப்புக்கென்று இன்னொரு ஸ்டாண்ட்பை தனியாக வையுங்கள். சுமாரான மெஷின் போதும்.