யானையை நகல் எடுக்க முடியுமா, அக்கா?

கேள்வி: வணக்கம் அக்கா. பேரணாம்பட்டுக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய கிராமம் எங்களுடையது. மூன்று கறவை மாடு, கொஞ்சம் நிலக்கடலை, ஒரு மாந்தோப்பு. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். போன வருடம் பக்கத்து ஊரில் மின்வேலியில் சிக்கி ஒரு யானை செத்துப்போனது. அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதிலிருந்து, அழிந்துபோகிற விலங்குகளைக் குளோனிங் செய்து காப்பாற்றப் போகிறேன், அதற்குத்தான் படிப்பேன் என்கிறாள். என் தம்பியோ, "அதான் லேப்லயே செஞ்சுக்கலாமே, அப்புறம் காடு எதுக்கு, யானை எதுக்கு?" என்று கேட்டு அவளை அழவைக்கிறான். நடக்கிற காரியமா இது? இதை நம்பிப் படிக்க வைக்கலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, செத்துக் கிடந்த யானையைப் பார்த்துவிட்டுச் சோறு இறங்காமல் இருந்த உங்கள் மகளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். படித்துக் காட்டுங்கள்.

உங்கள் மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் ஒரு கேன் கொண்டுவருவார், பார்த்திருப்பீர்கள். மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை விளிம்பில் வழிந்து கீழே இறங்கும். உள்ளே மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். அதிலிருந்து இடுக்கியால் ஒரு மெல்லிய குழாயை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் போட்டு, துடைத்து, அப்புறம் மாட்டுக்குப் போடுவார். அந்தக் காளையை நீங்கள் பார்த்ததே இல்லை. அது செத்துப் பல வருடம்கூட ஆகியிருக்கலாம். ஆனாலும் உங்கள் தொழுவத்தில் அதன் கன்று துள்ளுகிறது. உங்கள் மகள் கேட்பதில் பாதி விஷயம் அந்தக் கேனுக்குள்ளேயே இருக்கிறது.

அந்தக் குழாயில் இருப்பது காளையின் விந்து. குளோனிங்கில், அதாவது ஒரு விலங்கை அப்படியே நகல் எடுப்பதில், விந்து கிடையாது. ஒரு விலங்கின் தோலிலிருந்து ஒரு செல்லை எடுக்கிறார்கள். இன்னொரு பெண் விலங்கின் கருமுட்டையிலிருந்து, பரம்பரைக் குணங்கள் பொதிந்திருக்கும் அதன் உட்கருவை உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்தச் செல்லை வைத்து, லேசாக மின்சாரம் கொடுத்துக் கருவாக வளரவிடுகிறார்கள். பிறகு ஒரு வாடகைத்தாயின் கர்ப்பப்பையில் வைக்கிறார்கள். கோழியை அடைகாக்க வைத்து வாத்துக் குஞ்சு பொரிக்க வைப்பதில்லையா, அந்த மாதிரி.

ஸ்காட்லாந்தில் 1996இல் டாலி ஆட்டுக்குட்டி இப்படித்தான் பிறந்தது. 277 கருமுட்டைகளில் முயன்று தேறியது அந்த ஒன்றுதான். 2001இல் அமெரிக்காவில் நம் நாட்டுக் காட்டுமாட்டை, சங்கப் பாட்டில் ஆமா என்று வருகிறதே அதை, குளோன் செய்தார்கள். வீட்டுப் பசுவின் முட்டை, வீட்டுப் பசுவின் வயிறு. 692 முட்டைகளில் தொடங்கி உயிரோடு பிறந்தது ஒரே கன்று. அதுவும் இரண்டு நாளுக்குள் வயிற்றுப்போக்கில் செத்துப்போனது. ஸ்பெயினில் பிரனீஸ் மலை ஆடு என்று ஓர் இனம். அதில் கடைசியாக மிஞ்சிய ஒரு பெட்டை, 2000 ஜனவரியில் மரம் விழுந்து செத்தது. அது உயிரோடு இருக்கும்போதே எடுத்து வைத்திருந்த செல்லிலிருந்து 2003இல் ஒரு குட்டி பிறந்தது. நுரையீரல் கோளாறு. சில நிமிடங்கள்தான் மூச்சு விட்டது. அது பிழைத்திருந்தாலும் ஜோடி சேரக் கிடா ஏது?

இதையெல்லாம் படித்து உங்கள் மகள் மனம் தளர வேண்டாம். இனி சொல்லப்போவதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அமெரிக்காவில் கீரி மாதிரி நீண்ட உடம்போடு, கருங்கால் ஃபெரெட் என்று ஒரு சின்ன விலங்கு உண்டு. அந்த இனமே பூண்டோடு அழிந்துவிட்டது என்று நினைத்திருந்தபோது, 1981இல் வயோமிங் மாநிலத்தில் ஒரு பண்ணை நாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தது. தேடிப் போனால் அங்கே ஒரு சின்னக் கூட்டம் இருந்தது. அதிலும் நோய் பரவி, கடைசியில் மிஞ்சியவை 18. எல்லாவற்றையும் பிடித்து வந்து வளர்த்தார்கள். அவற்றில் ஏழின் வம்சம்தான் இன்றிருக்கும் கூட்டம் முழுவதும். அண்ணன் தங்கைக்குள்ளேயே கல்யாணம் செய்கிற கதை. ஏதாவது ஒரு நோய் வந்தால் அத்தனையும் ஒரே மாதிரி சாயும்.

வில்லா என்று பெயரிட்ட ஒரு பெட்டை அந்த ஏழில் இல்லை. 1988இல் அது செத்துப்போனது. ஆனால் யாரோ ஒருவர் அதன் தோலில் கொஞ்சம் எடுத்து, சான் டியாகோவில் விலங்குகளின் செல்களை உறைய வைத்துச் சேமிக்கும் வங்கிக்கு அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கு டாலியே பிறக்கவில்லை. அதை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. முப்பத்திரண்டு வருடம் கழித்து, 2020 டிசம்பரில், அந்தச் செல்லிலிருந்து எலிசபெத் ஆன் பிறந்தது. அப்புறம் இன்னும் இரண்டு. அவற்றில் ஒன்றான அன்டோனியா 2024இல் குட்டி ஈன்றது. ஏழு முன்னோர்களுடைய இரத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்த இனத்துக்கு, புதிதாக எட்டாவது ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது.

குளோனிங்கால் நிஜமாகக் கிடைக்கிற லாபம் இதுதான் என்று நான் நம்புகிறேன். தலை எண்ணிக்கையைக் கூட்ட அது உதவாது, ஒரே விலங்கின் நூறு நகல் இருந்தாலும் இனவிருத்திக்கு அது ஒன்றுதான். கைவிட்டுப் போன இரத்த வழியை மீட்க அது உதவும். அதற்கும் யாராவது முன்கூட்டியே செல்லை எடுத்து வைத்திருக்க வேண்டும். நம் நாட்டில் சிவிங்கிப்புலி, அதாவது சீட்டா, அழிந்துவிட்டதாக 1952இல் அறிவித்தார்கள். ஐம்பது வருடம் கழித்து ஹைதராபாத் விஞ்ஞானிகள் அதைக் குளோன் செய்ய நினைத்தபோது கையில் செல் இல்லை. ஈரானிடம் கேட்டார்கள், ஈரான் மறுத்துவிட்டது. கடைசியில் 2022இல் நமீபியாவிலிருந்து உயிரோடு எட்டைக் கொண்டுவந்து குனோ காட்டில் இறக்கினோம். இன்று அதே ஹைதராபாதில், லாகோன்ஸ் என்கிற அரசு ஆய்வுக்கூடத்தில், வனவிலங்குகளின் செல்களைச் சேமிக்கும் வங்கி இருக்கிறது. 

சரி, உங்கள் தம்பிக்கு வருவோம். இதுவரை உலகில் யாரும் யானையைக் குளோன் செய்ததில்லை. ஒரு யானை சினையாக இருப்பதே சுமார் 22 மாதம். அதன் வயிற்றிலிருந்து கருமுட்டை எடுப்பது மாட்டில் எடுப்பதைப்போல் லேசானதல்ல. இருநூறு வருடமாக உங்கள் எல்லைக்கு அப்பால் சித்தூர்ப் பக்கத்தில் யானையே இல்லாமல் இருந்தது. 1980களில் ஓசூர், தருமபுரிக் காடுகளிலிருந்து அவை நடந்தே அங்கே போய்ச் சேர்ந்தன. அவற்றுக்காகத்தான் 1990இல் கௌண்டின்யா சரணாலயம் வந்தது. எந்த மாதம் எந்தக் குட்டையில் தண்ணீர் நிற்கும், எந்த வழியில் போனால் ஆள் இருக்காது என்பதைப் பெரிய பெண் யானை முன்னால் நடக்க நடக்கத்தான் குட்டி கற்றுக்கொள்கிறது. செல்லை உறைய வைக்கலாம், அந்த வழியை எந்தக் கேனில் உறைய வைப்பது? ஆய்வுக்கூடத்தில் ஒரு குட்டி பிறந்தாலும் அதைக் கொண்டுபோய் விட மந்தையும் காடும் வேண்டும் என்று மாமாவிடம் அவளையே சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பறவைகளுக்கு இந்த வித்தை இன்றுவரை கைகூடவில்லை. முட்டையின் மஞ்சள்கருவில் கைவைத்து உட்கருவை மாற்ற முடிவதில்லை. நான் கணியம்பாடியில் வளர்ந்தவள். ஊருக்கு வெளியே செத்த மாட்டைப் போட்டால் பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிட்டு இறங்கும் என்று அப்பா சொல்வார். நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி, செத்த மாட்டின் வழியாக அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. 2006இல் மாடுகளுக்கு அதைத் தடை செய்தார்கள், 2023இல் கீட்டோபுரோஃபெனையும் அசிக்ளோஃபெனாக்கையும். உங்கள் மாட்டுக்கு வலி ஊசி தேவைப்பட்டால் மெலாக்சிகாம் போடச் சொல்லிக் கேளுங்கள். மூன்று மாடு வைத்திருக்கிற வீட்டில் இதை இன்றைக்கே செய்யலாம். அதேபோல உங்கள் ஊரில் யாராவது மின்கம்பியில் கொக்கி போட்டு வேலிக்கு இழுத்திருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லத் தயங்காதீர்கள். யானைக்கு மட்டுமல்ல, விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிற மனுஷனுக்கும் அது எமன்.

படிப்பைக் கேட்டீர்கள். தாராளமாகப் படிக்க வையுங்கள். ஆனால் "குளோனிங் படிப்பு" என்று யாராவது பணம் கேட்டால் ஏமாற வேண்டாம். கால்நடை மருத்துவம், அதாவது பி.வி.எஸ்சி., ஐந்தரை ஆண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண் பார்த்தே தருகிறார்கள். அதனால் உயிரியலில் இப்போதிருந்தே கவனம் இருக்கட்டும். அது முடித்தால் வனவிலங்கு மருத்துவம், இனப்பெருக்க அறிவியல் என்று மேலே போகலாம். வண்டலூரில் வனத்துறையின் ஆய்வு நிறுவனம் இருக்கிறது, ஹைதராபாதைப் பற்றி முன்பே சொன்னேன். ஒருவேளை பாதியில் மனம் மாறினாலும் நஷ்டமில்லை. மாடு இருக்கிற ஊரில் டாக்டருக்கு வேலை இல்லாமல் போகாது.

அடுத்த முறை சினை ஊசிக்காரர் வரும்போது, "போய்ப் படி" என்று அவளை உள்ளே அனுப்பாதீர்கள். நைட்ரஜன் கையில் பட்டால் புண்ணாகிவிடும், அதனால் கொஞ்சம் தள்ளியே நிற்கட்டும். மூடி திறப்பதைப் பார்க்கட்டும். ஊசி போட்டு முடித்ததும் அந்தக் காலிக் குழாயைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அதன்மேல் காளையின் எண் சின்னதாக அச்சடித்திருக்கும்.