ஏ-யும் பி-யும் சேர்ந்தால் ஓ பிறக்குமா? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மரபியல் பற்றியவை. முப்பத்தொரு ஆண்டுகள் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவள் என்பதால் ஆசிரியர் குழு அவற்றை என்னிடம் அனுப்பிவிட்டது. அவற்றில் ஒரு கடிதத்தைப் படித்தவுடனேயே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். அதுவே முதலில் வரட்டும்.

கேள்வி: எனக்கு ஏ பாசிட்டிவ். கணவருக்கு பி பாசிட்டிவ். எங்கள் குழந்தைக்கு ஓ பாசிட்டிவ் என்று பரிசோதனை அட்டையில் இருக்கிறது. உறவினர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இரண்டு பேரிடமும் இல்லாதது எங்கிருந்து வந்தது?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மௌனம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பிறக்கும் அம்மா, தாராளமாகப் பிறக்கும். இந்தப் பக்கத்தை அப்படியே உங்கள் கணவரிடம் கொடுங்கள். படித்து முடித்ததும் அவரே அந்த உறவினரிடம் கொடுக்கட்டும்.

ரத்த வகையைத் தீர்மானிக்கும் மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. சிவப்பணுவின் மேற்பரப்பில் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த குட்டைச் சங்கிலிகள் நிற்கின்றன. மரபணுவின் ஏ வடிவம் உண்டாக்கும் நொதி, அந்தச் சங்கிலியின் நுனியில் ஒரு வகைச் சர்க்கரையை ஒட்டுகிறது. பி வடிவத்தின் நொதி ஒட்டுவது வேறொரு சர்க்கரை. ஓ வடிவத்தில், பொதுவாக, மரபணுவை எழுதியிருக்கும் டிஎன்ஏ எழுத்துகளில் ஒன்று விடுபட்டுப் போயிருக்கிறது. அந்த ஓர் எழுத்து இல்லாததால் நொதி உருப்படியாக அமைவதில்லை, நுனியும் வெறுமையாகவே நின்றுவிடுகிறது.

உங்களிடம் ஒரு பிரதி ஏ, ஒரு பிரதி ஓ இருக்கிறது. நுனிகளில் சர்க்கரை ஒட்ட அந்த ஒரு ஏ போதும். அதனால் பரிசோதனையில் ஏ மட்டும்தான் தெரியும். உங்கள் கணவரிடம் பி-யும் ஓ-வும் இருக்கின்றன. நீங்கள் ஓ-வைத் தருவதற்குப் பாதி வாய்ப்பு, அவர் தருவதற்கும் பாதி. இரண்டும் ஒரே குழந்தையில் சேர்வதற்கு நான்கில் ஒன்று. ஏபி, ஏ, பி பிறக்கவும் இதே நான்கில் ஒன்றுதான். குழந்தைக்கு ஓ என்றால், உங்கள் இருவரிடமும் அட்டையில் தெரியாத ஓர் ஓ இருக்கிறது என்றுதான் அர்த்தம். உங்கள் பெற்றோரிலும் அவர் பெற்றோரிலும் யாரோ ஒருவர் அதைத் தந்திருக்கிறார்.

ரத்த வகை ஒரே மரபணுவின் மூன்று வடிவங்களால் அமைகிறது என்று 1924-இல் காட்டியவர் பெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் என்ற ஜெர்மானியக் கணிதவியலாளர். மக்கள் கூட்டங்களில் எந்த வகை எத்தனை பேருக்கு என்ற எண்ணிக்கையை வைத்தே அவர் இந்த முடிவுக்கு வந்தார். அவர் கணக்குப்படி பெற்றோரில் ஒருவர் ஏபி என்றால் குழந்தைக்கு ஓ வரக் கூடாது. அதற்கும் விதிவிலக்கு உண்டு. ஏ, பி இரண்டுக்கும் அடித்தளமான எச் என்ற பொருளே சிலருக்கு உருவாவதில்லை. அவர்களிடம் ஏ அல்லது பி மரபணு இருந்தாலும் பரிசோதனை ஓ என்றே காட்டும். 1952-இல் முதலில் விவரிக்கப்பட்ட இந்த வகைக்குப் 'பம்பாய் ரத்த வகை' என்று பெயர். ஒரு பரிசோதனை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணை எல்லோர் முன்னிலையிலும் விசாரிக்க யாருக்கும் உரிமை இல்லை. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

கேள்வி: பத்து ஆண்டுகளாக உடற்பயிற்சி செய்து உடலைத் தேற்றியிருக்கிறேன். இந்த வலிமை என் பிள்ளைக்கு இயல்பாகவே வருமா?

பதில்: வராது. ஆகஸ்ட் வைஸ்மன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எலிகளின் வாலை வெட்டி, ஐந்து தலைமுறை வளர்த்துப் பார்த்தார். வால் இழந்த பெற்றோருக்கு 901 குட்டிகள் பிறந்தன. ஒன்றுகூட வாலில்லாமல் பிறக்கவில்லை. தசையில் நடப்பது தசையோடு நின்றுவிடும். இயல்பிலேயே உங்களுக்குத் தசை நன்றாகத் தேறுவதற்குக் காரணமான மரபணு வடிவங்கள் உங்களிடம் இருந்தால், அவற்றில் சில பிள்ளைக்குப் போகலாம். அவை நீங்கள் பயிற்சியைத் தொடங்கும் முன்பே உங்களிடம் இருந்தவை.

கேள்வி: ஓங்கு பண்பு ஒடுங்கு பண்பை அடக்கிவிடுகிறது என்றால், சில நூறு தலைமுறைகளில் ஒடுங்கு பண்புகள் எல்லாம் அழிந்துபோயிருக்க வேண்டாமா? தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் புரியவில்லை. – இளங்கலை மாணவர்

பதில்: தம்பி, அந்த இரண்டு சொற்களும் என்னையும் நெடுநாள் உறுத்தியவை. 'ஓங்கு' என்றால் வலிமை என்றும் 'ஒடுங்கு' என்றால் தேய்ந்து மறைவது என்றும் காதில் விழுகிறது. பட்டாணிக்குள் பார்த்தால் அப்படி எதுவும் நடக்கவில்லை.

ஆய்வக வகுப்பில் காய்ந்த உருண்டைப் பட்டாணியை பிளேடால் சுரண்டி, அந்த மாவின்மேல் ஒரு சொட்டு அயோடின் விட்டு நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்வேன். முட்டை வடிவ மாவுமணிகள் நீலம் ஏறி முழுசு முழுசாகத் தெரியும். சுருங்கிய பட்டாணியின் மாவுமணிகளோ வெடிப்பு விட்டு, பல துண்டுகளை ஒட்டவைத்தாற்போல் இருக்கும். இரண்டையும் கலப்பு செய்து கிடைத்த விதை வெளியே பார்ப்பதற்கு நல்ல உருண்டை. அதைச் சுரண்டிப் பார்த்தால் மாவுமணி இரண்டுக்கும் இடைப்பட்டதாக இருக்கும். வெறுங்கண்ணுக்கு 'அடங்கிப்போன' வடிவம் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. இதைப் பார்த்த மாணவிகள் நுண்ணோக்கியை விட்டு நகர மாட்டார்கள்.

சுருக்கத்தின் காரணம் 1990-இல் தெரியவந்தது. மாவுச்சத்தைக் கிளை கிளையாகக் கட்டும் ஒரு நொதியின் மரபணுவில் வேறொரு டிஎன்ஏ துண்டு புகுந்து உட்கார்ந்திருந்தது. நொதி கெட்டதால் மாவுச்சத்து குறைகிறது, சர்க்கரை கூடுகிறது. சர்க்கரை நீரை அதிகமாக இழுப்பதால் விதை உப்பி, காயும்போது சுருங்குகிறது. நல்ல பிரதி ஒன்று இருந்தாலே விதை உருண்டையாக இருக்கப் போதுமான மாவுச்சத்து கிடைத்துவிடும். ஓங்கு தன்மை என்பது இவ்வளவுதான், இதில் யாரும் யாரையும் அடக்கவில்லை.

பட்டாணிச் செடிகளை வைத்து மரபியல் விதிகளைக் கண்ட மெண்டல், இப்படிப்பட்ட கலப்பு விதைகளை விதைத்து, அடுத்த தலைமுறையில் 7,324 விதைகளை எண்ணினார். 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். ஒரு தலைமுறை முழுவதும் கண்ணில் படாமல் இருந்த சுருக்கம், தாத்தா செடியில் இருந்தது போலவே, கொஞ்சமும் நீர்த்துப்போகாமல் திரும்பி வந்தது.

உன் கேள்வி 1908-இல் லண்டனிலும் எழுந்தது. விரல்கள் குட்டையாக இருக்கும் பண்பு ஓங்கு பண்பு என்றால், காலப்போக்கில் நால்வரில் மூவருக்குக் குட்டை விரல் இருக்க வேண்டுமே என்று புள்ளியியலாளர் யூல் சொன்னதாக ஒரு பேச்சு. மரபியலாளர் பன்னெட் அந்தப் புதிரைத் தன் நண்பரான கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டியிடம் கொண்டுபோனார். எளிய பெருக்கலில் ஹார்டி தீர்த்துவைத்தார்: கூட்டம் பெரிதாக இருந்து, இணை சேர்வது தற்செயலாக நடந்து, இயற்கைத் தேர்வும் மரபணுத் திடீர்மாற்றமும் குடிபெயர்வும் இல்லையென்றால், மரபணு வடிவங்களின் விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை மாறாது. அதே ஆண்டில் ஸ்டுட்கார்ட்டில் வைன்பெர்க் என்ற மருத்துவர் தனியாக இதையே கண்டிருந்தார். அதனால்தான் 'ஹார்டி-வைன்பெர்க் விதி' என்ற இரட்டைப் பெயர்.

அந்த நிபந்தனைகளில் ஒன்று குலைந்தாலும் விகிதம் நகரத் தொடங்கும். கூட்டம் சிறியதாக இருப்பது ஒன்றே போதும். 1956-இல் பீட்டர் பூரி, கண் நிறத்துக்கான ஒரு மரபணுவின் இரண்டு வடிவங்களும் சமமாக இருந்த பழ ஈக்களை, கூட்டத்துக்குப் பதினாறு ஈ என்று 107 கூட்டங்களாகத் தனித்தனியே வளர்த்தார். 19 தலைமுறை கழித்து 30 கூட்டங்களில் ஒரு வடிவமும் 28 கூட்டங்களில் மற்ற வடிவமும் அடியோடு காணாமல் போயிருந்தன. வெறும் தற்செயலின் வேலை இது, மரபியல் நகர்வு என்கிறோம்.

இனி நீயே ஒரு கணக்குப் போட்டுப் பார். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு ஓர் ஒடுங்கு நோய் இருக்கிறது. நோய் வர இரண்டு பிரதியும் அதே வடிவமாக இருக்க வேண்டும். அப்படியானால் அந்த வடிவம் நூறு பிரதிகளில் ஒன்று (0.01 × 0.01 = பத்தாயிரத்தில் ஒன்று). நோயில்லாமல் அதைச் சுமப்பவர்கள் 2 × 0.99 × 0.01, அதாவது பத்தாயிரத்தில் 198 பேர். நோயாளி ஒருவரே ஒருவர், சுமப்பவர்களோ 198 பேர்! நோயுள்ள ஒருவருக்கும் பிள்ளை பிறக்காமல் தடுத்துக்கொண்டே போனாலும் அந்த வடிவம் பாதியாகக் குறைய நூறு தலைமுறை ஆகும். தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டு என்றால் 2,500 ஆண்டுகள். இதைப் போடத் தேவையானதெல்லாம் 1908-லேயே கையில் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்திருந்தது. 1933-இல் ஜெர்மனி கொண்டுவந்தது. 'இனத்தைச் சுத்தப்படுத்துகிறோம்' என்று சொல்லி லட்சக்கணக்கான மனிதர்களை அறுவை மேசையில் கிடத்தினார்கள். அந்த 198 என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் என் கை கனக்கும். தேர்வில் இந்தக் கேள்வி வராவிட்டாலும் நீ இதை ஒருமுறை எழுதிப் பார்த்துவிடு.

கேள்வி: ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடுகின்றன என்கிறார்களே?

பதில்: 'பழகிவிடுகின்றன' என்ற சொல்தான் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது. 1952-இல் எஸ்தர் லெடர்பெர்க், ஜோஷுவா லெடர்பெர்க் தம்பதி வெல்வெட் துணியை வைத்து இதைத் தெளிவுபடுத்தினார்கள். ஒரு தட்டில் பாக்டீரியாக்கள் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கின்றன. அதன்மேல் வெல்வெட்டை மெல்ல அழுத்தினால், ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கொஞ்சம் அந்தத் துணியின் மயிர்களில் ஒட்டிக்கொள்ளும். அதே துணியை மருந்து கலந்த புதிய தட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினார்கள். முத்திரை குத்தியதுபோல் எல்லாத் தட்டிலும் அதே வரிசை. மருந்துத் தட்டுகளில் பிழைத்த புள்ளிகள் எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில் இருந்தன. பிறகு மருந்தையே காணாத மூலத் தட்டின் அதே இடத்திலிருந்து எடுத்து வளர்த்துச் சென்றபோது, மருந்தைத் தாங்கும் கிருமிகள் அங்கே முன்பே இருந்தது தெரிந்தது. மருந்து செய்தது மற்றவற்றைக் கொன்று அவற்றுக்கு இடம் விட்டதுதான். தேவையில்லாத காய்ச்சலுக்கெல்லாம் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள்.

கேள்வி: குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் ஏன் குரங்குகள் இருக்கின்றன?

பதில்: உங்கள் சித்தப்பா மகன் உங்களைப் பெறவில்லை. உங்கள் இருவருக்கும் தாத்தா ஒருவர். நீங்களும் இருக்கிறீர்கள், அவரும் இருக்கிறார். சிம்பன்சிக்கும் நமக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டது. பொது மூதாதை வாழ்ந்தது ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு.

மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் சிம்பன்சிக்கு 24 ஜோடி, நமக்கு 23. மீதி ஜோடி எங்கே? குரோமோசோமின் முனைகளில் டிடிஏஜிஜிஜி என்ற ஆறெழுத்து திரும்பத் திரும்ப வரும், செருப்புக் கயிற்றின் நுனியில் இருக்கும் பூண்போல. நம் இரண்டாம் குரோமோசோமில் அந்த முனை எழுத்துகள் நட்டநடுவில், ஒன்றையொன்று பார்த்தபடி கிடக்கின்றன. இரண்டு குரோமோசோம்கள் நுனியோடு நுனி ஒட்டிய தழும்பு அது. 1991-இல் அதைப் படித்தெடுத்தார்கள்.

கேள்வி: என் அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய வராது. எனக்கு அந்தக் குறை இல்லை. என் ஆறு வயது மகன் இலைக்குப் பழுப்பு அடிக்கிறான். பயமாக இருக்கிறது. – ஒரு தாய்

பதில்: இது என் வீட்டுக் கதையும்தான். என் அப்பா இரண்டு நூல்கண்டுகளை நீட்டி, "இதில் எதம்மா சிவப்பு?" என்று கேட்பார். எனக்கு எல்லா நிறமும் தெரியும். என் மகனுக்குத் தெரியாது.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய வைக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவிடம் இருப்பது ஒரே எக்ஸ். அது அவருடைய எல்லா மகள்களுக்கும் போகும். நம்மிடம் அம்மா தந்த நல்ல பிரதியும் இருப்பதால் நமக்குக் குறை தெரிவதில்லை. மகனுக்கு நாம் தருவது இரண்டில் ஒன்று, அவனுக்கு வேறு எக்ஸ் கிடையாது. பாதிக்குப் பாதி வாய்ப்பு. வட ஐரோப்பிய வழியினரில் ஆண்கள் நூற்றில் எட்டுப் பேருக்கு இந்தக் குறை உண்டு. பெண்களுக்கு இரண்டு பிரதியும் அப்படி அமைய வேண்டும் என்பதால் நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

என் மகன் ஏழு வயதில் மரம் வரைந்து இலைகளுக்குப் பழுப்பு அடித்தபோது, ஓர் ஆசிரியர் கவனக்குறைவு என்று சொல்லித் தாளைக் கிழித்துவிட்டார். துண்டுகளைப் பையில் வைத்துக் கொண்டுவந்தான். அன்று காலை வகுப்பில் இதே எக்ஸ் குரோமோசோமைத்தான் நான் படம் போட்டு விளக்கியிருந்தேன். என் பிள்ளையைச் சோதிக்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அந்த மரத்தை ஒட்டி இன்னும் வைத்திருக்கிறேன்.

கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்று இஷிஹாரா அட்டைகளைக் காட்டச் சொல்லுங்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் அட்டைகள் அவை. சில நிமிட வேலை, வலி கிடையாது. குறை உறுதியானால் அவன் ஆசிரியரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், அவன் திட்டு வாங்கும்வரை காத்திருக்காதீர்கள். கிரேயான்களின் தாளுறையில் ஒவ்வொன்றின் நிறத்தையும் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். ஆறு வயதில் படிக்கத் தெரிந்திருக்குமே.