25 டிகிரிக்கும் 29-க்கும் நடுவில்: உப்பளம் பற்றி நீங்கள் கேட்டவை

தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கடல் தண்ணீரைத் தேக்கி வெயிலில் விட்டால் உப்பு வந்துவிடும். அதற்கு எதற்கு இத்தனை பாத்தி, இத்தனை வாய்க்கால்?

ஒரே பாத்தியில் விட்டுக் காயவைத்தாலும் ஏதோ ஒன்று வரும்தான், ஆனால் அதை வாயில் வைக்க முடியாது. ஒரு டன் கடல் நீரில் கரைந்து கிடப்பது சுமார் 35 கிலோ. அதில் நாம் சாப்பிடும் உப்பு 27 கிலோ அளவுக்குத்தான் வரும், மிச்சமெல்லாம் கால்சியம், மெக்னீசியம், சல்பேட் வகையறா. இவை எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை என்பதுதான் தொழிலின் அடிப்படை. உப்பு நீர் எவ்வளவு கெட்டி என்று அளக்கும் மீட்டரைக் கடல் நீரில் போட்டால் 3 டிகிரி போமே காட்டும் (இந்த டிகிரி வெப்பநிலை இல்லை, தண்ணீரின் கெட்டியைச் சொல்லும் அளவு). அதைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி வெயிலிலும் காற்றிலும் கெட்டியாக்கிக்கொண்டே போனால், முதலில் சுண்ணாம்பு படியும், 13 டிகிரியைத் தாண்டினால் ஜிப்சம் படிய ஆரம்பிக்கும். இதெல்லாம் முன் பாத்திகளிலேயே தங்கிவிட வேண்டும். 25 டிகிரி ஆன தண்ணீரைத்தான் உப்பு விளையும் பாத்திக்குத் திறந்து விடுவார்கள், அதற்குள் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் ஆவியாகியிருக்கும்.

அப்புறம் இன்னொரு எல்லையும் உண்டு. 29, 30 டிகிரி ஆனதும் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து படியப் பார்க்கும், அதற்குள் அந்தக் கசப்புத் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும். 'இன்னும் கொஞ்சம் நிற்கட்டும், இன்னும் நாலு மூட்டை கிடைக்கும்' என்று ஆசைப்பட்டால் மூட்டை கூடும், உப்பின் தரம் போய்விடும். என்னைக் கேட்டால், உப்பு எடுப்பது என்பது எப்போது தண்ணீரை விட வேண்டும், எப்போது வெளியேற்ற வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான், மற்றதை வெயில் பார்த்துக்கொள்ளும்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, பிறகு ஏன் போர் போட்டுத் தண்ணீர் எடுக்கிறார்கள்?

தூத்துக்குடியில் பல அளங்கள் நிலத்தடி உப்பு நீரை நம்பித்தான் ஓடுகின்றன. பல இடங்களில் அது கடல் நீரைவிடக் கெட்டியாக இருப்பதால் 25 டிகிரியை எட்ட அவ்வளவு நாளும் வேண்டாம், அவ்வளவு நிலமும் வேண்டாம், சிறு அளம் வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயம். ஆனால் எல்லாரும் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் மட்டம் இறங்கும், குழாயை இன்னும் ஆழத்துக்கு இறக்க வேண்டி வரும், மோட்டார் செலவும் கூடவே ஏறும்.

சில உப்பு பழுப்பாக, மண் கலந்த மாதிரி இருக்கிறதே, கலப்படமா?

பெரும்பாலும் இல்லை, பாத்தித் தரை சரியாக அமையவில்லை என்று அர்த்தம். மழை முடிந்து ஜனவரி வாக்கில் பாத்தியில் படிந்த சேற்றை வழித்துவிட்டு, ஈரமிருக்கும்போதே ஆட்கள் வரிசையாக நின்று குதிகாலால் அழுத்தி அழுத்தி மிதிப்பார்கள், ஒரு தடவையோடு விடமாட்டார்கள், தரை இறுகும் வரைக்கும் திரும்பத் திரும்ப மிதி. அப்படி இறுகிய தரையில்தான் வாருபலகையை நீட்டி இழுக்கும்போது பலகை உப்பை மட்டும் வாரும். தரை இளகியிருந்தால் மண்ணையும் சேர்த்து வாரிக்கொண்டு வரும்.

பாத்தித் தண்ணீர் ரோஜா நிறத்தில் இருந்ததைப் பார்த்தேன். ரசாயனக் கழிவா?

இல்லை. அவ்வளவு உப்பிலும் உயிர் வாழும் நுண்பாசியும் பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களும் தரும் நிறம் அது. அந்த நிறம் வெயிலைக் கூடுதலாக இழுத்துக்கொள்வதால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும், அளக்காரருக்கு லாபம்தான்.

வீட்டில் ஜாடியில் இருக்கும் கல் உப்பு நீர் விட்டுக் கசிகிறது, ஏன்?

மேலே சொன்ன மெக்னீசியம்தான். மெக்னீசியம் குளோரைடு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். வாரிய உப்பை வரப்பில் குவித்து வடியவிட்டு, பிறகு தட்டுமேட்டில் (உப்பைக் குவித்து வைக்கும் மேட்டில்) அம்பாரமாகப் போட்டுச் சில வாரம் விட்டால் கசப்பு நீர் தானாக இறங்கிவிடும். அவசரத்தில் வாரியதுமே லாரியில் ஏற்றிய உப்பு உங்கள் ஜாடியில் வந்து அழும். தூள் உப்பு உதிரியாக இருப்பதற்குக் காரணம் அதைக் கழுவி, உலர்த்தி, கட்டி தட்டாமல் இருக்க அனுமதிக்கப்பட்ட பொருளைச் சிறிதளவு சேர்ப்பதுதான்.

கல் உப்பில் அயோடின் கிடையாது என்கிறார்களே?

கல்லா தூளா என்பது விஷயமே இல்லை, கலந்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. 2006 மே முதல் இந்தியாவில் நேரடியாகச் சாப்பிட விற்கும் உப்பில் அயோடின் கட்டாயம். தயாரிக்கும் இடத்தில் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு), உங்கள் கைக்கு வரும்போது 15 பிபிஎம்முக்குக் குறையக் கூடாது. கன்வேயரில் ஓடும் உப்பின் மேல் பொட்டாசியம் அயோடேட் கரைசலைத் தெளிப்பார்கள். கல் பெரிதாக இருந்தால் சீராகப் பிடிக்காது, அது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய இழப்பு நம் வீட்டில்தான் நடக்கிறது: கல் உப்பு அழுக்கு என்று கழுவிக் காயவைக்கிறார்கள், மேலே ஒட்டியிருந்த அயோடேட் முதல் தண்ணீரிலேயே போய்விடும். கடற்கரையில் நேரடியாக மூட்டையில் வாங்கி வரும் 'இயற்கை உப்பு' பெரும்பாலும் அயோடின் கலக்காதது, கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் அதை மட்டுமே நம்ப வேண்டாம்.

கோடையில் திடீர் மழை வந்தால் எல்லாம் போச்சா?

லேசான மழை என்றால் காப்பாற்றலாம். மழைத் தண்ணீர் கனமில்லாதது, கெட்டியான உப்பு நீருக்கு மேலே தனியாக நிற்கும், காற்று கலக்கிவிடுவதற்கு முன் மடையை மேலாகத் திறந்து அந்தத் தண்ணீரை வழியவிட வேண்டும். நள்ளிரவானாலும் ஆள் ஓடுவது அதற்குத்தான். பெரிய மழைக்கு எந்த வித்தையும் செல்லாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் பாத்தி, வரப்பு, அம்பாரம் என்று எல்லாமே போயிற்று.

மழைக்காலத்தில் தொழிலாளர்கள் என்ன செய்வார்கள்?

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அளத்தில் வேலை கிடையாது. கட்டட வேலை, வயல் வேலை என்று கிடைத்ததற்குப் போவார்கள், இல்லாவிட்டால் கடன். தமிழ்நாடு அரசு 2022-இல் இந்த மாதங்களுக்கென்று 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கத் தொடங்கியது. நல்ல விஷயம்தான், ஆனால் மூன்று மாதத்துக்கு 5,000 எந்த மூலைக்கு? மற்ற மாதங்களிலும் வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது, உப்பு நீர் பாத வெடிப்பில் ஏறி எரிகிறது. கறுப்புக் கண்ணாடியும் பூட்ஸும் ஒன்றும் பெரிய செலவில்லை, எல்லா அளத்திலும் தருவதில்லை என்பதுதான் பிரச்சினை.

குழந்தைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாமா? எப்போது?

ஏப்ரல், மே மாதங்களில் அதிகாலையில் போங்கள், வெயிலுக்குப் பயந்து வாருகிற வேலையை அப்போதே ஆரம்பித்துவிடுவார்கள். கேட்டுவிட்டு உள்ளே போங்கள், வரப்பில் மட்டும் நடங்கள். போட்டோவுக்காகப் பாத்திக்குள் இறங்கினால் மிதித்து இறுக்கிய தரை உடையும், அந்த இடத்தில் சீசன் முடியும் வரை மண் உப்புதான் வரும், திட்டு விழுவதும் வாருகிறவருக்குத்தான்.