கண் சிமிட்டலும் தைலக் குப்பியும்

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறோம். எங்கள் 9 வயது மகன் இரண்டு ஆண்டுகளாக ஓயாமல் கண் சிமிட்டுகிறான். தோளை வெட்டி இழுக்கிறான். சளியே இல்லாதபோதும் தொண்டையைச் செருமுகிறான். இது 'டூரெட்', அதாவது தன் கட்டுப்பாடின்றி அசைவுகளும் ஒலிகளும் எழும் நரம்புக் குறைபாடு என்கிறார் மருத்துவர். என் மாமனாருக்கும் சிறு வயதில் இப்படி இருந்து, பிறகு நின்றுவிட்டதாம். மாமியார் தினமும் வல்லாரைச் சாறு கொடுக்கிறார். சர்க்கரையில் நாலு சொட்டு நீலகிரித் தைலம் விட்டுக் கொடுக்கலாம் என்றும் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. முதல் வேலையாக அந்தக் குப்பியைப் பையன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மலையில் வீட்டுக்கு வீடு இருப்பதாலேயே தீங்கற்றது என்று நாம் எண்ணும் இந்தத் தைலம், சிறிதளவு உள்ளே போனாலும் குழந்தைகளுக்கு மயக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கக்கூடும். கற்பூரமும் அவ்வாறே.

வல்லாரையைத் துவையலாக எப்போதாவது உண்பதில் தவறில்லை. ஆனால் நாள்தோறும் சாறாக, மருந்துபோலக் கொடுக்க வேண்டாம். அரிதாகக் கல்லீரலைப் பாதித்ததுண்டு, இந்த அசைவுகளை அது குறைக்கும் என்பதற்குத் தக்க சான்றும் இல்லை. மக்னீசிய மாத்திரைகளுக்கும் அத்தகைய சான்று இல்லை. பிறகு ஏன் பலரும் 'குணம் தெரிந்தது' என்கிறார்கள்? டூரெட்டின் அசைவுகள் வாரக்கணக்கில் கூடுவதும் தணிவதுமாக இருப்பவை. கூடியிருக்கும்போதுதான் நாம் மருந்து தேடுகிறோம், அது தானாகத் தணியும்போது பெருமை கையிலிருந்த கீரைக்குப் போய்விடுகிறது.

1885இல் பிரெஞ்சு மருத்துவர் ழில் த லா டூரெட் விவரித்த இக்குறைபாடு பெரும்பாலும் குடும்பவழி வருவது. வளர்ப்பின் குற்றமன்று, பையனின் குறும்புமன்று; ஆகவே "சிமிட்டாதே" என்று அதட்டுவதை வீட்டார் அனைவரும் நிறுத்த வேண்டும். அதட்டினால் பதற்றம் ஏறும், அசைவும் ஏறும். தூக்கம் குறைந்தாலும் அப்படித்தான்.

மருந்தில்லாத வழிகளில் நல்ல சான்றுள்ளது பழக்கமாற்றுப் பயிற்சி. செருமுவதற்குச் சற்று முன் தொண்டையில் ஒரு நமைச்சல் எழும்; அதைக் கண்டுகொண்டு, உந்துதல் அடங்கும்வரை வாயை மூடி மூக்கால் மெல்ல மூச்சுவிடப் பையன் பழகுகிறான். தோள் இழுப்புக்கு முழங்கையை விலாவோடு அழுத்திக்கொள்வான். இதைக் கற்பிக்கும் உளவியலாளரை உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கோவையிலோ விசாரியுங்கள். வலியோ காயமோ ஏற்பட்டால், படிப்பு கெட்டால், மருத்துவர் தரும் மாத்திரைகளைத் தயங்காமல் ஏற்கலாம். அப்போது வீட்டில் கொடுப்பது எதையும் அவரிடம் மறைக்காதீர்கள்.

இக்குறைபாடு பொதுவாக 10 முதல் 12 வயதுக்குள் உச்சமடைந்து, வளரிளம் பருவத்தின் இறுதிக்குள் பலருக்கும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எந்த வயதில் நின்றது என்று உங்கள் மாமனாரிடம் ஒருநாள் கேளுங்கள். பையனும் உடனிருக்கும்போது கேளுங்கள்.