கல்லூரி கேள்வி–பதில்: ஐக்யூஏசி என்றால் ஃபைல் வேலை மட்டுமா?

பதில் சொல்பவர்: பெங்களூரில் வணிகவியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், ஆறு ஆண்டுகள் கல்லூரியின் தர ஒருங்கிணைப்பாளராகவும் இருந்தவர்.

கேள்வி: தனியார் கலை, அறிவியல் கல்லூரியில் ஒன்பது வருடமாகப் பாடம் எடுக்கிறேன். ஜூனில் என்னை ஐக்யூஏசி, அதாவது கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளராகப் போட்டார்கள். அன்றிலிருந்து ஃபைல் கேட்டு அலைவதே வேலையாகிவிட்டது. ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. உளவு பார்க்க வந்தவள் என்று நினைக்கிறார்கள். இந்தப் பதவியால் வகுப்பறையில் என்னதான் மாறும்?
– வாசகி, ராமமூர்த்தி நகர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் முதல் வருடம் ஞாபகம் வந்தது. நானும் அந்த வருடம் முழுக்க ஃபைல்தான் சேர்த்தேன். ஆண்டறிக்கை நேரத்துக்குப் போனது. வகுப்பில் எதுவும் மாறவில்லை.

மறு வருடம் முதல் செமஸ்டர் கணக்கியல் இன்டர்னல் தேர்வில், மதிப்பெண்களைக் கேள்விவாரியாகப் போட்டுப் பார்த்தோம். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒரே கேள்வியைத் தொடாமல் விட்டிருந்தார்கள். இறுதிக் கணக்கில் வரும் சரிக்கட்டுப் பதிவுகள் அது. மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது. பாடம் எடுத்தவர் என்னைவிட மூத்தவர், நல்ல ஆசிரியர். நேரே போய், "சார், உங்க கிளாஸ்ல ஒரு மணி நேரம் உட்காரட்டுமா? எங்கேயும் எழுதி வைக்க மாட்டேன்" என்று கேட்டேன். சரி என்றார்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் கன்னட மீடியத்தில் படித்து வந்த ஒரு பையன். எண்களை எல்லாம் அழகாக எழுதிக்கொண்டிருந்தான். 'ரென்ட் அவுட்ஸ்டாண்டிங்' என்றால் என்ன என்று மெதுவாகக் கேட்டேன். "ரொம்ப நல்ல வாடகை, மேடம்" என்றான். பள்ளியில் அவனுக்குத் தெரிந்த அவுட்ஸ்டாண்டிங் அதுதான். இன்னும் கொடுக்காத வாடகை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

வகுப்பு முடிந்ததும் சாரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அடுத்த வாரம் அவரே பத்து நிமிடம் ஒதுக்கி எட்டு சொற்களை போர்டில் எழுதினார். பிள்ளைகளே எழுந்து வந்து கன்னடம், தமிழ், உருது என்று பக்கத்தில் பொருள் எழுதினார்கள். அடுத்த தேர்வில் அந்தக் கேள்வியை விட்டவர்கள் மிகச் சிலர்தான்.

உங்கள் வேலை இதுதான் அம்மா. எங்கே பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள் என்று கண்டுபிடித்து, பாடம் எடுப்பவரோடு உட்கார்ந்து யோசிப்பது.

ஆனால் வகுப்புக்குள் கால் வைக்கும் முன் ஒன்று செய்யுங்கள். அங்கே பார்த்ததை இன்க்ரிமென்ட்டுக்கோ பதவி உயர்வுக்கோ பயன்படுத்த மாட்டோம் என்று பிரின்சிபாலிடம் எழுதி வாங்கிவிடுங்கள். அவர் மறுத்தால் யாருடைய வகுப்பிலும் போய் உட்காராதீர்கள். அந்தப் பயம் இருக்கும் வரை யாரும் உங்களிடம் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். அப்புறம், உங்கள் சொந்த வகுப்புகளை முழுவதுமாக விட்டுக் கொடுக்காதீர்கள். பாடம் எடுக்காதவர் சொன்னால் எந்த ஆசிரியர் கேட்பார்?

நிர்வாகம் ஃபைலைத்தான் கேட்கும். அதற்கும் பதில் இருக்கிறது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான 'நாக்' 2017-இல் கொண்டுவந்த மதிப்பீட்டு முறையில், பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளுக்கான 1000 புள்ளிகளில் கற்பித்தல், கற்றல், மதிப்பீடு என்ற ஒரு பிரிவுக்கு மட்டும் 350. ஏழு பிரிவுகளில் இதுதான் பெரியது. ஐக்யூஏசி மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும், எடுத்த நடவடிக்கையையும் பதிவு செய்ய வேண்டும் என்பது 'நாக்' வழிகாட்டுதல். கணக்கியல் வகுப்பில் நடந்ததை, சார் சம்மதத்தோடு, அப்படித்தான் ஒரு பக்கமாக எழுதினேன். இரண்டு அலமாரி ஃபைலைவிட அந்த ஒரு பக்கத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஒரு பாடத்தின் இலக்குகள் முழுப் படிப்பின் இலக்குகளோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் சிஓ–பிஓ அட்டவணையில் 1, 2, 3 என்று போன வருட எண்களையே காப்பி அடிக்கும் பழக்கம் உங்கள் கல்லூரியிலும் இருக்கும். எல்லாப் பாடத்தையும் ஒரே வருடத்தில் திருத்த முடியாது. ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, கேள்வித்தாளைப் பக்கத்தில் வைத்து நேர்மையாகச் செய்து பாருங்கள்.

கேள்வி: மகளை பி.எஸ்ஸி. சேர்க்கப் போகிறோம். ஒரு கல்லூரி வாசலில் 'ஏ++' என்று பெரிய பேனர். அதை நம்பலாமா?
– ஸ்ரீராமபுரம் வாசகர்

பதில்: நாகரபாவியில் தலைமையகம் உள்ள 'நாக்' தரும் கிரேடு அது. 4-க்கு 3.51 அல்லது அதற்கு மேல் வாங்கினால் ஏ++. பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பேனரில் வருடம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, அது கல்லூரி முழுமைக்குமான கிரேடு. உங்கள் மகள் சேரப்போகும் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், லேபில் ஒரு பேட்ச்சுக்கு எத்தனை மாணவர்கள் என்பதெல்லாம் அதில் தெரியாது. கல்லூரியின் சுய ஆய்வு அறிக்கையையும் ஆண்டுத் தர அறிக்கையையும் அவர்கள் இணையதளத்தில் தேடிப் படியுங்கள். ஒரு வேலை நாளில் நேரே போய் இரண்டாம் வருட மாணவிகளிடம் லேப் வாரத்தில் எத்தனை நாள் நடக்கிறது என்று கேளுங்கள்.

கேள்வி: ஃபீட்பேக் ஃபார்மில் உண்மையை எழுதினால் இன்டர்னலில் கை வைத்துவிடுவார்களோ என்று பயம்.
– மாணவர், அல்சூர்

பதில்: நியாயமான பயம், தம்பி. எங்கள் கல்லூரியில் இன்டர்னல் மதிப்பெண்களைப் பூட்டிய பிறகுதான் ஃபார்மைத் திறந்தோம். ஆசிரியர்களுக்குப் பெயர் இல்லாத தொகுப்பு மட்டும்தான் போகும். உங்கள் ஐக்யூஏசியில் மாணவர் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும். அவர் யார் என்று கேட்டு, அவர் வழியாக இதே ஏற்பாட்டைக் கேளுங்கள். எழுதும்போது 'சரியாக நடத்தவில்லை' என்று விட்டுவிடாமல், எந்த யூனிட்டில், எந்த இடத்தில் புரியவில்லை என்று எழுதுங்கள்.